இரண்டு கம்ப்யூட்டர் தேவை

1892 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்க அரசின் கடல் பஞ்சாங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இடம் இரண்டு காலி. ஒன்றுக்கு ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர், மற்றதற்கு 1,400. அல்ஜீப்ரா, வடிவியல், திரிகோணமிதி, வானியல் ஆகியவற்றில் தேர்வு உண்டு.

அன்றைய ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிற ஆள். அச்சில் அந்தச் சொல் 1613இலேயே வந்துவிட்டது. அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘புதாரே’ என்றால் கிளைகளைக் கழித்துச் சீர்செய்வது. பிறகு கணக்கைச் சீர்செய்வது, எண்ணுவது, கருதுவது என்று பொருள் விரிந்தது. கையையோ காலையோ வெட்டி எடுப்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் ‘ஆம்புடேஷன்’ இதே வேரில் முளைத்ததுதான். வங்கியில் நாம் வைத்திருக்கும் ‘அக்கவுன்ட்’டும் இந்தக் குடும்பம்தான், பிரெஞ்சு வாய்களில் புழங்கித் தேய்ந்ததில் முகம் மாறிவிட்டது.

இந்த ஆட்கள் போட்டது சில்லறைக் கணக்கல்ல. ஹாலி வால்நட்சத்திரம் எப்போது திரும்பும் என்று அறிய 1758இல் பாரிசில் கிளேரோ, லாலாந்து, நிக்கோல்-ரேன் லெபோத் என்ற மூவர் மாதக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் நடுவில் அது சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்றார்கள். மார்ச் 13இல் நெருங்கியது.

இதை முறையான தொழிலாக்கியவர் கிரீனிச் வானாய்வகத் தலைவர் நெவில் மாஸ்கெலின். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று அறிய, குறிப்பிட்ட நட்சத்திரங்களிலிருந்து நிலா எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அட்டவணை மாலுமிக்கு வேண்டும். ஆண்டு முழுவதற்கும், மூன்று மணிக்கு ஒரு முறை. 1767ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கம் தொடங்கி அதைத் தயாரித்தவர்கள் இங்கிலாந்தின் பல ஊர்களில் தத்தம் வீட்டில் இருந்தபடி வேலை செய்த கம்ப்யூட்டர்கள். எந்த வாய்பாட்டைப் பார்ப்பது, எதை எதோடு கூட்டுவது என்று படிப்படியாக எழுதிய குறிப்பு மாஸ்கெலினிடமிருந்து வரும். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே போடுவார்கள், மூன்றாமவர் ஒப்பிடுவார். 1770 வாக்கில் இருவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி மாட்டிக்கொண்டு வேலையை இழந்தார்கள். பரீட்சை மண்டபத்துக் குணம் எங்கே போகும்? லட்லோ என்ற சிற்றூரில் ஜான் எட்வர்ட்ஸ் என்பவர் பெயரில் இந்த வேலை நடந்துவந்தது. 1784இல் அவர் இறந்தபிறகுதான், கணக்கில் பெரும்பகுதியைப் போட்டுவந்தவர் அவர் மனைவி மேரி என்று தெரிந்தது. வேலை மேரியிடமே தொடர்ந்தது.

நம் பக்கத்திலும் இப்படி ஒருவர் பதிவாகியிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணத்தைக் கணிப்பதை ஜான் வாரன் என்பவர் பார்த்து, 1825இல் சென்னையில் வெளியான தம் ‘காலசங்கலித’ நூலில் எழுதினார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகள், வாய்பாடுகள் முழுக்க மனப்பாடம். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை சில நிமிடங்கள்தான். இவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல்தான் உண்டு என்று வாரன் சற்று இளக்காரமாகவே குறிக்கிறார். எனக்கென்னவோ அந்த வாக்கியம்தான் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த மிகச் சரியான இலக்கணமாகப் படுகிறது. விதி கையில் இருந்தால் போதும், விளக்கம் தேவையில்லை.

ஆலன் டூரிங்குக்குத் தோன்றியதும் கிட்டத்தட்ட இதுதான். 1936இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் வரும் இடங்களில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கட்டம் போட்ட தாள். கட்டத்தில் உள்ள குறியைப் பார்க்கிறார், விதிப்படி மாற்றுகிறார், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார். இவ்வளவுதான் வேலை என்றால் எந்திரமே செய்துவிடுமே என்று டூரிங் காட்டினார். எந்திரத்துக்கு ஆளின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆளைப் பார்த்துத்தானே அதை வரைந்தார்கள்.

பெயர் கைமாறிய இடத்தையும் ஏறக்குறையச் சுட்டலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிலடெல்பியாவில் பீரங்கிக் குண்டு போகும் பாதையைப் பெண்கள் கணித்துவந்தார்கள். பதவியின் பெயர் கம்ப்யூட்டர். மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒரு பாதையை முடிக்க ஒருவருக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் எந்திரம் அதை அரை நிமிடத்துக்குள் முடித்தது. அதற்கு வேலை சொல்லிக்கொடுக்க அந்தப் பெண்களிலிருந்தே ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனியாக் என்ற சுருக்கப்பெயரின் கடைசி எழுத்து கம்ப்யூட்டரைக் குறிக்கும்.

எந்திரத்தைத் தனித்துக் காட்ட அப்போதெல்லாம் ‘எலெக்ட்ரானிக்’, ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஏதாவது அடைமொழி தேவைப்பட்டது. மெல்ல அது உதிர்ந்தது. பிறகு அடைமொழி தேவைப்பட்டது ஆளுக்கு. 1980இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடியில் மனத்தால் பெருக்கிக் காட்டிய சகுந்தலா தேவியை உலகம் ‘மனிதக் கம்ப்யூட்டர்’ என்று கொண்டாடியது. மாஸ்கெலினிடம் அப்படிச் சொல்லியிருந்தால், நம் இலக்கண ஆசிரியர்களைப் போல, கூறியது கூறல் என்று ஒரு சொல்லை அடித்திருப்பார்.