உங்களுக்குத் தெரியுமா? வேர் கூப்பிட்டால் களை வரும்

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டிய ஊர்களின் மக்காச்சோளக் கொல்லைகளில் முழங்கால் உயரத்துக்கு ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு செடி பூத்து நிற்கும். பார்க்க அழகு. ஆனால் அது நிற்கிற இடத்தில் கதிர் பிடிக்காது. லுவோ மக்கள் அதைக் 'கயோங்கோ' என்பார்கள். தாவரவியலில் ஸ்ட்ரைகா. இதே இனத்துச் செடிதான் நம் சோளக்காட்டுச் சுடுமல்லியும். மல்லிக்கு முன்னால் 'சுடு' போட்டவர், பயிர் கருகியதைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

●

இந்தச் செடி ஒன்றிலேயே 50,000 விதைக்கு மேல் விளையலாம். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர், தூசி மாதிரி. மண்ணுக்குள் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு உறங்கும். முளைத்ததும் பயிரின் வேரில் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் வெளியே தலைகாட்டாமல் உறிஞ்சும். நாம் களைக்கொத்தோடு போய்ச் சேர்வதற்குள் பாதித் திருட்டு முடிந்திருக்கும்.

●

உறங்குகிற விதையை எழுப்புவது யார்? பயிரேதான்! மணிச்சத்து போதாத மண்ணில் வேர்கள் 'ஸ்ட்ரைகோலாக்டோன்' என்ற பொருளைக் கூடுதலாகக் கசியவிடுகின்றன. சத்தை இழுத்துத் தரும் வேர்ப்பூஞ்சைகளுக்கு அது அழைப்பு. இந்த உண்மை 2005-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பூஞ்சைக்குப் போகிற அழைப்பை ஒட்டுக்கேட்டு ஸ்ட்ரைகா முளைத்துவிடுகிறது. மண்ணில் சத்து வற்ற வற்றப் பயிர் உரக்கக் கூப்பிடும். உரக்கக் கூப்பிடக் கூப்பிடக் களை பெருகும். மண்ணின் வறுமை ஒரு நோய், களை இன்னொரு நோய் என்று பிரித்து வைத்தியம் பார்த்தால் இரண்டும் தீராது.

●

சித்தகத்தி தெரியும்தானே, நம் அகத்தியின் தங்கை? அதன் வேரும் ஸ்ட்ரைகா விதையை எழுப்பும். எழுந்த முளைக்கோ அந்த வேரில் ஒட்ட முடியாது. கையிருப்பு தீர்ந்ததும் சில நாளில் செத்துப்போகும். ஆய்வாளர்கள் இதைத் 'தற்கொலை முளைப்பு' என்கிறார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொள்வது என்பதுதான் பொருத்தம். பருத்தியும் இப்படித்தான். ஸ்ட்ரைகோலாக்டோன் 1966-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டதே பருத்தி வேர்க்கசிவிலிருந்துதான்.

அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1956-இல் இந்தக் களை தென்பட்டது; பின்னாளில் மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி விதைகளை எழுப்பிக் கொன்றார்கள். காசுள்ள நாட்டு வழி. ஆப்பிரிக்கச் சிறு விவசாயிக்குச் செடிதான் வாயு.

●

கிழக்கு ஜாம்பியாவின் சிப்பாட்டா பக்கம் 1980-களின் கடைசியில் தொடங்கிய சோதனைகளில், உரமில்லாமல் தொடர்ந்து மக்காச்சோளமே போட்ட நிலத்தில் எக்டேருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு டன்தான். இரண்டு மூன்று வருஷம் சித்தகத்தியை வளரவிட்டு, வெட்டி, தழையை மண்ணில் சேர்த்த பிறகு, ஒரு பிடி உரம்கூடப் போடாமல் ஐந்து ஆறு டன்! உர மானியம் போய்விட்ட காலம் அது. சேதி பரவியதில் ஆச்சரியமில்லை. இப்படிப்பட்ட தரிசு, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் எக்டேருக்கு 100 முதல் 200 கிலோ தழைச்சத்தைச் சேர்க்கும். வேர்முடிச்சு காற்றிலிருந்து பிடிப்பது ஒரு பங்கு. மக்காச்சோள வேர் எட்டாத ஆழத்துக்குக் கழுவிப்போன நைட்ரேட்டை மேலே இழுத்து வருவது இன்னொரு பங்கு.

●

அங்கே தரிசுக்குப் போடும் செடிகளைப் பார்த்தால் நம் பசுந்தாள் உரக் குடும்பமே குடிபெயர்ந்தது போலிருக்கும். தெஃப்ரோசியா, நம் கொழிஞ்சி இனம். குரோட்டலேரியா, சணப்பை இனம். துவரையும் உண்டு. இவற்றில் தெஃப்ரோசியா வோகெலியின் இலையை இடித்துத் தண்ணீரில் போட்டால் மீன் மயங்கி மிதக்கும். உள்ளே ரோட்டினோன் என்ற நஞ்சு. அதனால் ஆடுமாடு வாய் வைக்காது. அறுவடைக்குப் பின் மந்தையை அவிழ்த்துவிடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. சித்தகத்திக்கோ வேலி போட்டாக வேண்டும்.

●

அரை ஏக்கர் வைத்திருப்பவர் இரண்டு வருஷம் தரிசு போட்டால் சாப்பாட்டுக்கு எங்கே போவார்? மேற்குக் கென்யாவில் அதற்கும் வழி கண்டார்கள். மழை வருஷத்துக்கு இருமுறை. பெருமழைக்குப் போட்ட மக்காச்சோளத்தின் ஊடே தரிசுச் செடியின் விதையைத் தூவிவிட்டு, அறுத்த பிறகு சிறுமழைப் பருவம் முழுக்க அப்படியே வளரவிடுவது. போவது சுமாரான ஒரு போகம் மட்டும். வெட்டும்போது தழை மண்ணுக்கு, தண்டு அடுப்புக்கு.

●

குறையும் உண்டு. தொடர்ந்து ஒரே செடியைப் போட்டால் வண்டும் கம்பளிப்புழுவும் மொய்க்கும். சில செடிகள் நூற்புழுவை வளர்த்துவிட்டு அடுத்து வரும் பீன்ஸைக் கெடுக்கும். மணிச்சத்தையோ எந்தச் செடியாலும் காற்றிலிருந்து பிடிக்க முடியாது. அதற்கு வடக்குத் தான்சானியாவின் மின்ஜிங்குவில் வெட்டும் பாஸ்பேட் பாறையைத் தூளாக்கிப் போடுகிறார்கள். போடாவிட்டால் வேர் மறுபடியும் கூப்பிடும்.