மூடிய பெட்டியை நம்பி ஏமாறாதீர்கள்

 

ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின்னர் ஓர் இளைஞர் தயங்கியவாறு என்னிடம் வந்தார். தாம் சேமித்த பணத்தைக் கொண்டு இணையத்தில் போக்கிமொன் அட்டையொன்றை அவர் வாங்கியிருந்தார். வந்து சேர்ந்ததோ போலி. "வாப்பா ஏசுவார் என்று பயந்து ஏழு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை, ஹஸ்ரத்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கான தவணையும் அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

போக்கிமொன் அட்டைகள் 1996 இல் ஜப்பானிலும் 1999 இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. சிறுவர்களின் விளையாட்டாக இருந்த இவற்றுள் அரிதானவை இன்று பெரும் விலைக்குக் கைமாறுகின்றன. பெரும் விலை உள்ள இடத்தைத் தேடி மோசடியும் வருகின்றது. அமெரிக்காவின் பிரபல யூடியூபர் லோகன் போல், 1999 ஆம் ஆண்டின் முதற்பதிப்பு அட்டைகள் என நம்பி, முத்திரையிடப்பட்ட பெட்டியொன்றை 2021 இல் 35 இலட்சம் டொலருக்கு வாங்கினார். நிபுணர்களும் அதனை அசல் என்றே கூறியிருந்தனர். 2022 ஜனவரியில் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை 'ஜீ.ஐ. ஜோ' எனும் வேறு அட்டைகள். வசதியும் ஆலோசகர்களும் உள்ளவரே ஏமாந்தார் எனில், கைபேசியில் ஒரு படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பும் நம் பிள்ளைகளின் நிலை என்ன?

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்து, மேலே உலர்ந்திருந்த தானியத்தின் அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். இணையச் சந்தையில் நம்மால் கையை நுழைத்துப் பார்க்க இயலாது. ஆகவே பின்வரும் வழிகளில் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, விற்பவரிடம் புதிய படம் கேளுங்கள். உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் எழுதிய தாளை அட்டையின் அருகில் வைத்து எடுத்ததாக அது இருக்க வேண்டும். பிறருடைய படத்தைத் திருடிப் போட்டவரால் இதனைத் தர இயலாது.

இரண்டாவது, தரச் சான்றிதழுடன் பிளாஸ்டிக் உறையில் வரும் அட்டையாயின், உறையில் உள்ள இலக்கத்தைச் சான்றளித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். இலக்கம் பொருந்துவது மட்டும் போதாது. உண்மையான இலக்கத்தையே போலி உறையில் அச்சிடுவோரும் உள்ளனர். அங்கே படம் இருப்பின் அதனையும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, பணம் செலுத்தும் முறையில் கவனமாக இருங்கள். பேபால் மூலம் "நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும்" என்ற வகையில் அனுப்பும் பணத்திற்குக் கொள்வனவுப் பாதுகாப்பு இல்லை. கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் எனக் கூறி முன்பின் அறியாதவர் அவ்வாறு அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். "இன்னொருவர் வாங்கக் காத்திருக்கின்றார், உடனே அனுப்புங்கள்" என்ற அவசரமும் ஓர் எச்சரிக்கையே.

நான்காவது, பொதியைத் திறப்பதைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். அசல் என உறுதியான மலிவான அட்டையொன்றை அருகில் வைத்து நிறம், எழுத்து, தடிப்பு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். அசல் அட்டையின் நடுவே கருமையான படையொன்று உண்டு. பின்னாலிருந்து டோர்ச் வெளிச்சம் பாய்ச்சும்போது அருகிலுள்ள அசலைவிட ஒளி அதிகமாக ஊடுருவினால் சந்தேகியுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் ஏமாந்தால் தாமதிக்காதீர்கள். ஈபேயில் பொதுவாகப் பொருள் கிடைத்து 30 நாட்களுக்குள்ளும், பேபாலில் பணம் செலுத்தி 180 நாட்களுக்குள்ளும் முறைப்பாடு செய்ய வேண்டும். கடனட்டையில் செலுத்தியிருந்தால் வங்கிக்கும் உடன் அறிவியுங்கள். உரையாடல்களையும் பொதியின் மேலுறையையும் பாதுகாத்து வையுங்கள். நமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் உள்ளது, பொலிஸிலும் முறையிடலாம். "இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றேன், முதலில் சிறு கட்டணம் தாருங்கள்" என வருபவர் இரண்டாவது முறையும் ஏமாற்ற வந்தவரே.

பெற்றோர்களே! பிள்ளை ஏமாந்து வந்து நிற்கும்போது முதலில் ஏசாதீர்கள். "எப்போது பணம் அனுப்பினாய்? எந்த வழியில் அனுப்பினாய்?" என்று கேளுங்கள். தவணைக்குள் பணத்தை மீட்க அந்த இரு கேள்விகளே உதவும். உங்கள் கோபத்துக்கு அஞ்சிப் பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு நாளும் மோசடிக்காரனுக்கே இலாபம்.

இளைஞர்களே! இறுதியாக ஒன்று. அந்த இளைஞர் விடைபெறும்போது, "இதை வேறு யாருக்காவது விற்றுவிடட்டுமா?" எனக் கேட்டார். நட்டத்தை ஈடுசெய்ய அதனை அசலென விற்றால், ஈரத்தை மறைத்த அந்த வியாபாரியின் இடத்தில் நாமே போய் நிற்போம். அவர் சற்று நேரம் மௌனமாக நின்று, பின்னர் அட்டையின் முகத்தில் "போலி" என்று பேனையால் எழுதினார்.

ஏமாறுவதிலிருந்தும் ஏமாற்றுவதிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.