அறமும் அரசும் – 11: அரசன் கை எட்டாத இடம்

சென்ற வாரம் செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள சமயச் சின்னங்களைப் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தேன். கோட்டைக்குள்ளே வேங்கடரமணர் ஆலயமும், அதற்குச் சற்றுத் தொலைவில் சாதத்துல்லா கான் மசூதியும், சிங்கவரத்துக்குப் போகும் வழியில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவம் பொறித்த திருநாதர்குன்றும், அதற்கப்பால் இன்றும் சமணர்களின் குருபீடமாக விளங்கும் மேல்சித்தாமூர் மடமும் இருக்க, செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரத்திலிருந்து புறப்படும் ஒருவன் ஒரே பகலில் இத்தனை சமயங்களின் வாசலையும் கண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். செஞ்சியை ஆண்ட நாயக்கரின் அவைக்கு 1597-ஆம் ஆண்டில் ஏசு சபைத் துறவியான பிமெந்தா வந்தபோது, கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை மரியாதையுடன் வரவேற்று, அச்சபையார் தம் சீமையில் ஊழியம் செய்ய இடங்கொடுத்தார் என்பது சரித்திரம்.

நாயக்கர் செய்தது பெருந்தன்மையான காரியம், அதில் ஐயமில்லை. ஆயினும் அது அனுமதி. இன்று மனமுவந்து கொடுத்த அரசன் நாளை மனம் மாறினாலோ, அவன் மகன் வேறு விதமாக நினைத்தாலோ, அந்த அனுமதி ஓலையோடு ஓலையாய்ப் போய்விடும். மனிதனின் வழிபாடு அரசனுடைய தயவில் நிற்கலாமா, அல்லது அரசன் கொடுக்கவும் எடுக்கவும் இயலாத ஒன்றாக அது இருக்கவேண்டுமா என்ற வினாவை, பிமெந்தா செஞ்சிக்கு வந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1612-இல், இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஹெல்விஸ் என்பவர் ஒரு நூலாகவே எழுதி, அதன் பிரதி ஒன்றில் தம் கையாலேயே மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். மன்னரும் மனிதரே, தெய்வமல்லர். ஆகையால் பிரஜைகளின் உடல்மீதும் உடைமைமீதும் அவருக்குள்ள அதிகாரம் ஆன்மாவின்மீது இல்லை என்பது அவருடைய வாதம். இந்தச் சுதந்திரம் தம் சபையாருக்கு மாத்திரமல்ல, துருக்கருக்கும் யூதருக்கும், மதவிரோதிகள் என்று சபைகள் ஒதுக்கியவர்களுக்கும் உரியது என்று அவர் எழுதியதுதான் அக்காலத்தில் எவரும் எதிர்பாராதது. மன்னர் அவரை நியூகேட் சிறையில் அடைத்தார். சில ஆண்டுகளில் ஹெல்விஸ் காலமானார். அவர் தோற்றுவித்த சிறு கூட்டமே இங்கிலாந்து மண்ணில் எழுந்த முதல் பாப்டிஸ்ட் சபை.

இந்தச் சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அறிவு தெளிந்து, தானே விரும்பி, தன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிடுபவனைத்தான் நீரில் முழுக்கி எடுக்கிறார்கள். தகப்பன் விரும்பினாலும் மகனுக்காக இதைச் செய்ய முடியாதென்றால், அரசன் விரும்பிப் பிரஜைக்காகச் செய்வது எங்ஙனம்? அவர்களுடைய அரசியல் கொள்கை முழுவதும் இந்த ஒரு சடங்கிலிருந்தே கிளைத்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆகவேதான் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்டுகள், சிறுபான்மையினராய் இருந்து தாங்கள் பட்ட இன்னல்களைச் சொல்லி, 1801-இல் ஜனாதிபதி ஜெபர்சனுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். மதத்துக்கும் அரசுக்கும் இடையே ஒரு மதில் வேண்டும் என்ற புகழ்பெற்ற கருத்து, 1802 ஜனவரி முதல் தேதி அவர்களுக்கு அவர் எழுதிய பதிலில் வந்ததுதான்.

கொள்கை ஏட்டில் இருக்கும்போது அழகாகத்தான் இருக்கும். அதற்குச் சோதனை வருவது, அதைச் சொல்பவன் கையில் அதிகாரமோ சோறோ இருக்கும்போதுதான். தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தில், கூலி வேலை கொடுத்து உயிர்காக்கும் பொருட்டுச் சர்க்கார் வெட்டி நீட்டிய பக்கிங்காம் கால்வாய், நம் மாவட்டத்து மரக்காணம் உப்பங்கழி வரை வருகிறது. அதன் வடபகுதியில், ஓங்கோலில் ஊழியம் செய்த ஜான் கிளாவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார், சுமார் மூன்றரை மைல் தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். நில அளவைத் தொழில் பயின்றவராதலால் மண்வேலை அவருக்குப் புதிதல்ல. வந்தவர்களிற் பெரும்பாலோர், ஊர்க்கோடியில் ஒதுக்கப்பட்டுத் தோல்வேலை செய்து பிழைத்த மாதிகர்கள். மற்ற முகாம்களில் மேஸ்திரிகளின் வசவும் அடியும் பட்டவர்களுக்கு, இங்கே அவருடைய உபதேசிகளே மேற்பார்வை செய்து, வெட்டிய மண்ணுக்குரிய கூலியைக் குறையாமல் கொடுத்தது பெரிய அதிசயமாக இருந்தது. பகல் முழுதும் மண் சுமந்த களைப்போடு உட்கார்ந்து உபதேசம் கேட்டார்கள். கூட்டங்கூட்டமாக வந்து ஞானஸ்நானமும் கேட்டார்கள்.

கிளாவ் கொடுக்க மறுத்துவிட்டார். பஞ்ச நிவாரணப் பணம் தம் கையால் பட்டுவாடா ஆகிக்கொண்டிருக்கும்வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பசித்தவன் சொல்லும் விசுவாசம் வயிற்றின் வார்த்தையா மனத்தின் வார்த்தையா என்று அவனுக்கே தெரியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நிவாரணம் நின்றபின்பும் ஜனங்கள் திரும்பி வந்து கேட்டபோதுதான் இணங்கினார். 1878 ஜூலை 3-ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்குப் பெற்றார்கள். அந்தத் தொகையைத்தான் அவர்களுடைய சரித்திரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. எனக்கோ அதற்கு முன்னால் அவர் மறுத்த மாதங்களே பெரிதாகத் தோன்றுகின்றன.

அப்படியானால் பாப்டிஸ்டுகள் அரசாங்கத்தின் பக்கமே திரும்பாமல் தங்கள் ஆலயத்துக்குள் இருந்துவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. வில்லியம் கேரியின் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1793-இல் வங்காளம் வந்த கேரி, கம்பெனியார் பாதிரிமார்களை விரும்பாத காரணத்தால், நம் தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த சீராம்பூரில் 1800-இல் குடியேறினார். அதற்கு முந்திய ஆண்டு, ஹூக்ளிக் கரையில் ஒரு மாலைப் பொழுதில், கணவனின் பிணத்தோடு உயிருள்ள மனைவியைக் கிடத்தி, அவள் எழ முடியாதபடி மூங்கில்களைக் குறுக்கே போட்டு இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தீ மூட்டியதை அவர் கண்ணால் கண்டார். தடுத்துப் பேசினார், இது புண்ணிய காரியம், பார்க்கப் பிடிக்காவிட்டால் போய்விடு என்று பதில் கிடைத்தது.

அதன்பின் அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. தம் வேதத்தைத் தூக்கிக்கொண்டு கவர்னர் ஜெனரலின் வாசலுக்குப் போய், இது பாவம், ஆகையால் தடை செய்யுங்கள் என்று அவர் முறையிடவில்லை. முதலில் எண்ணினார்: கல்கத்தாவைச் சுற்றி முப்பது மைலுக்குள் 1803-ஆம் ஆண்டில் உடன்கட்டை ஏறிய விதவைகள் 438 பேர் என்று ஆள் வைத்து விசாரித்துக் கணக்கெடுக்கப்பட்டது. அடுத்தபடி, வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தம்மோடு பணிபுரிந்த பண்டிதர்களையே சாஸ்திரங்களைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். சாஸ்திரம் இதை அனுமதிக்கிறதேயன்றி விதிக்கவில்லை என்று அவர்கள் விடை கூறினார்கள். கணக்கும் சாஸ்திரமும் சேர்ந்த அந்த மனு கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியிடம் போயிற்று. ராம்மோகன் ராய் போன்றவர்கள் உள்ளிருந்தே போராடி மக்களின் மனத்தைப் பண்படுத்திய பிறகு, 1829 டிசம்பர் 4-ஆம் தேதி அப்போதைய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் தடைச் சட்டம் பிறப்பித்தார். அதை வங்காளியில் பெயர்க்கவேண்டிய பொறுப்பு சர்க்கார் மொழிபெயர்ப்பாளரான கேரியுடையது. கடிதம் வந்து சேர்ந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைய பிரசங்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு நாள் தாமதித்தால் எத்தனை உயிர் போகுமோ என்று பண்டிதரோடு உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் முடித்துக் கொடுத்தார்.

ஹெல்விஸின் கொள்கைக்கும் கேரியின் மனுவுக்கும் முரண்பாடு உண்டா? இல்லையென்றே நினைக்கிறேன். மனத்துக்குள் நுழையாதே என்று அரசிடம் சொல்வது வேறு. பிறர் உயிரைப் பறிக்கும் கையைப் பிடி என்று அதே அரசிடம் கேட்பது வேறு. இரண்டாவதைக் கேட்கும்போது, தன் மதத்தான் மட்டும் ஒப்புக்கொள்ளும் காரணத்தைச் சொல்லாமல், எல்லோரும் ஆராய்ந்து பார்க்கக்கூடிய காரணத்தைச் சொல்லவேண்டும் என்பதையும் கேரி காட்டிப்போனார்.

இச்சபையார் எல்லோரும் இந்த வழியில் நடந்தார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. அவர்களுக்குப் போப்பாண்டவர் இல்லை. ஒவ்வொரு சபையும் தனக்குத்தானே எஜமான். ஆகவே ஒரே பெயரின்கீழ் நேர்விரோதமான கட்சிகள் உண்டு. அடிமை வைத்திருப்பவர்கள் மிஷனெரிகளாகலாம் என்று வாதாடி 1845-இல் பிரிந்து நின்ற அமெரிக்கத் தென்மாநிலங்களின் சங்கமும் பாப்டிஸ்ட்தான். அந்த அடிமைத்தனத்தின் எச்சங்களை எதிர்த்து உயிர்கொடுத்த மார்ட்டின் லூதர் கிங்கும் பாப்டிஸ்ட் போதகர்தான். முன்னவர்கள் தங்கள் பிழைக்கு வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட 1995 வரை ஆயிற்று.

நம் நாட்டிலேயே இக்கொள்கைக்கு வந்த கடுஞ்சோதனை நாகாலாந்தில். 1872-இல் கிளார்க் என்ற அமெரிக்கர் ஆவோ நாகர்களிடையே தொடங்கிய ஊழியம் வளர்ந்து, 2011-ஆம் ஆண்டின் கணக்குப்படி அம்மாநிலத்தில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பாப்டிஸ்டுகள். அரிசியிலிருந்து வடிக்கும் மது நாகர்களின் பழைய வாழ்க்கையில் விழாவுக்கும் உழைப்புக்கும் உடன்வந்த ஒன்று; அதை விடுவதைச் சபையில் சேர்வதற்கு நிபந்தனையாக வைத்தார்கள் மிஷனெரிகள். இதனால் நாகர்களின் வாழ்வே குலைகிறதென்று ஜே. பி. மில்ஸ் என்ற ஆங்கில அதிகாரி 1926-இல் வெளியிட்ட தம் நூலில் கண்டித்தார். எனினும் சபையில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பமாதலால், அதுவரை அது சபைக் கட்டுப்பாடே. நாகாலாந்து பாப்டிஸ்ட் சபை மன்றத்தின் இடைவிடாத வற்புறுத்தலால் 1989-இல் முழு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டபோதுதான், சபையின் விதி போலீசின் விதியாயிற்று. அஸ்ஸாம் எல்லையைத் தொட்டுக்கிடக்கும் திமாப்பூர் வழியாகச் சரக்கு வருவதும், அது கூடுதல் விலைக்கு விற்பதும் அங்கே எவரும் அறிந்த ரகசியம். சட்டத்தைத் தளர்த்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் மன்றம் எதிர்த்து நிற்கிறது.

அதே மன்றம் வேறொரு தீமையை வேறு விதமாக அணுகியதையும் சொல்லவேண்டும். தேர்தலில் வாக்குக்குப் பணம் வாங்குவதையும், ஊரே கூடி ஒருவருக்கென்று வாக்கை ஒட்டுமொத்தமாகக் கொடுத்துவிடுவதையும் எதிர்த்துத் ‘தூய தேர்தல்’ என்ற இயக்கத்தை 2013-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பே தொடங்கி, தன் சபையார் தாங்களே உறுதிமொழி எடுக்கும்படி ஆலயங்களில் பிரசாரம் செய்தது. அதனால் பணம் ஒழிந்துவிட்டதென்று சொல்வாரில்லை. எனினும், விரும்பி முழுக்குப் பெற்றவனிடம் அவன் விருப்பத்தையே மறுபடி கேட்கும் முறை இது. ஹெல்விஸ் பார்த்தால் தம்முடையது என்று அடையாளம் கண்டுகொள்வார்.

நாகர்களைக் குறைசொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராயிருந்தபோதுதான், 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. அதை 1971-இல் தளர்த்தினோம், மீண்டும் இறுக்கினோம், பிறகு திறந்தோம், 2003 முதல் சர்க்காரே கடை வைத்துச் சில்லறையாக விற்கிறது. கடை திறந்திருந்தும் 2023-இல் மரக்காணத்தருகே எக்கியார்குப்பத்திலும், 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மனிதர்கள் மாண்டார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல்.

குடிப்பவனின் மனைவியும் மக்களும் பட்டினி கிடப்பது அவனுடைய அந்தரங்க விஷயமல்ல. ஆகையால் விற்பவனையும் கலப்படக்காரனையும் சட்டம் தொடுவதற்குக் கேரி காட்டிய நியாயம் இங்கேயும் பொருந்தும். அந்தக் காரணத்தைச் சொல்லி மதுவிலக்குக் கேட்பவர் எந்த மதத்தவராயினும் அவருடன் நாம் வாதாடலாம், கணக்குப் பார்க்கலாம், உடன்படவும் செய்யலாம். பாவம் என்பதை மாத்திரமே காரணமாகக் காட்டி, தன் சபைக் கட்டுப்பாட்டை ஊர் முழுவதற்கும் சட்டமாக்கும்படி கேட்பவர், நாளை வேறொரு பெரும்பான்மை தன் விரதத்தை அவர்மீது சட்டமாக்கும்போது மறுத்துப் பேச வாயற்றவராகிறார். சிறுபான்மையாய் இருக்கையில் சுதந்திரம் கேட்பது எவர்க்கும் எளிது. பெரும்பான்மையானபின், கூலியும் தானியமும் தன் கையில் இருந்தபோது கிளாவ் காட்டிய அடக்கத்தை, வாக்கும் சட்டமும் தன் கையில் இருக்கும்போது ஒரு சமூகம் காட்டுமா என்பதே கேள்வி. அதற்கு எந்தச் சமயமும் இன்னும் முழு விடை கொடுத்துவிடவில்லை, நம்முடையதும் விலக்கல்ல.

ஓமந்தூராரின் ஆட்சியிலேயே, 1947-இல், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும் நிறைவேறிற்று. வழக்கம், தர்மம், விருப்பம் என்ற மூன்றும் அங்கே மோதிக்கொண்ட விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)