திரும்பப் பெறப்படாத செய்திகள்

இணையத்தில் கிடைக்கும் மருத்துவத் தகவலின் நம்பகத்தன்மையை, அதைச் சொல்பவரின் பட்டத்தையோ வெளியிட்ட இதழின் புகழையோ மட்டும் கொண்டு அளந்துவிட முடியாது என்பதற்கு, 1823இல் தொடங்கப்பட்ட ‘தி லான்செட்’ மருத்துவ இதழ் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையே சான்று. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடன் பணியாற்றியோரும் எழுதிய அக்கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுப்பியது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த தரப்பிடமிருந்து வேக்ஃபீல்ட் பணம் பெற்றிருந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் வெளிக்கொணர்ந்தார். 2010 பிப்ரவரியில் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மே மாதத்தில் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் வேக்ஃபீல்டின் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது.

திருத்தம் வருவதற்கு 12 ஆண்டுகள் ஆனதும், அதற்குள் பிரிட்டனில் தடுப்பூசி போடுவோர் குறைந்து தட்டம்மை மீண்டும் பரவியதும் மிகுந்த வேதனைக்குரியவை. ஆயினும், எழுதியவர் யார், எப்போது வெளிவந்தது, எத்தனை பேரிடம் எவ்வாறு ஆராயப்பட்டது என்பன அக்கட்டுரையிலேயே பதிவாகியிருந்தமையால்தான் பிறரால் அதைச் சோதிக்க முடிந்தது; ஆய்வுக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் தேடுவோருக்கு, அது திரும்பப் பெறப்பட்ட செய்தி இன்றும் தலைப்புடனேயே தெரிகிறது. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம்கள் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளைக் கண்டு பெற்றோர் பலர் தயங்கினர்; எழுதியவர் பெயரும் தேதியும் இன்றிக் கைமாறும் அத்தகைய செய்தி பொய்யென்று தெரிந்த பின்னும், அதைப் படித்தவர் அனைவரிடமும் திருத்தத்தைக் கொண்டுசேர்க்க வழியில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது சான்றின் அளவு. 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று கண்டது. தனி ஆய்வு ஒன்றைவிட வலுவானது முறைசார் மீளாய்வு; அதாவது, ஒரு கேள்வியைப் பற்றிய ஆய்வுகள் அனைத்தையும், சாதகமானவற்றை மட்டும் பொறுக்காமல், முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி தேடித் தரம் பிரித்துத் தொகுப்பது. 1993இல் நிறுவப்பட்ட காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு இப்பணியைச் செய்துவருகிறது; எம்.எம்.ஆர். குறித்து 138 ஆய்வுகளைத் தொகுத்த அதன் 2020ஆம் ஆண்டு மீளாய்வும் ஆட்டிசத் தொடர்புக்குச் சான்று காணவில்லை. காக்ரேன் மீளாய்வுகள் பலவற்றின் எளிய நடைச் சுருக்கங்கள் தமிழிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; சான்று எவ்வளவு உறுதியானது, எங்கே போதவில்லை என்பதையும் அவை சேர்த்தே சொல்கின்றன.