வாதுமை விளையாத கரை

சென்னைக்குப் புறப்படும் முத்துநகர் விரைவு வண்டியில் ஏறுகிறவர்களைத் தூத்துக்குடி நிலையத்தில் சற்று நேரம் நின்று கவனித்தால், பெட்டி படுக்கைகளையெல்லாம் தயவுதாட்சண்யமின்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு சிறிய அட்டைப்பெட்டியை மட்டும் மடியில் வைத்து, கைக்குழந்தையை அணைப்பதுபோல் அணைத்தபடி உட்காருகிற ஒரு கூட்டம் கண்ணில் படும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது மக்ரூன். அடி அகன்று, நுனி குறுகி, உச்சியில் ஒரு சிறு சுழியோடு, உப்பளத்து அம்பாரத்தை விரற்கடை அளவுக்குச் சுருக்கி வைத்தாற்போன்ற வெண்ணிறப் பண்டம் அது. அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடும். வாயிலிட்டால், முதலில் பல்லுக்குச் சிறிது முறுக்குக் காட்டிவிட்டு, அடுத்த கணமே இருந்த சுவடு தெரியாமல் கரைந்து, முந்திரியின் பொடித்துகளை மட்டும் நாவில் விட்டுச் செல்லும்.

மாவு இல்லை, நெய் இல்லை, பால் இல்லை, தண்ணீர்கூட இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, நெல்லைச் சீமையின் பழைய வழக்கில் அண்டிப்பருப்பு எனப்படும் முந்திரி ஆகிய மூன்றே திரவியங்கள். பாகுப் பதம் பார்த்து, நெய்யை வார்த்து, வாணலியோடு மல்லுக்கட்டிப் பழகிய நம் இனிப்புக் கலையின் எந்தச் சூத்திரத்துக்குள்ளும் அடங்காத இந்தப் பதார்த்தம் இவ்வூருக்கு எப்படி வந்தது என்று கேட்டால், போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்றது என்று கடைத்தெருவில் யாரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அது பொய்யல்ல, ஆனால் கதை அவ்வளவு சுருக்கமானதுமல்ல.

1532-இல் முத்துக்குளித்துறைப் பரதவர்களின் பிரதிநிதிகள் கொச்சிக்குச் சென்று போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை வேண்டினார்கள் என்பதும், அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளிலேயே இக்கரையின் ஊர்களில் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதும், 1542-இல் சவேரியார் இங்கே வந்து சேர்ந்தார் என்பதும் சரித்திரப் பிரசித்தமானவை. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றும்வரை நீடித்த அந்த உறவில், சாவியும் அலமாரியும் மேசையும் சன்னலும் நம் பாஷைக்குள் புகுந்து, இன்று அந்நியம் என்ற நினைப்பே எழாதபடி வீட்டுச் சாமான்களாகிவிட்டன. பண்டங்கள் மட்டும் புகாமல் இருக்குமா? வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்து நுரையாக்கி, மெல்லிய சூட்டில் உலர்த்தும் ஓர் இனிப்புக்குப் போர்ச்சுக்கல் நாட்டில் ‘சுஸ்பீரோ’ என்று பெயர். பெருமூச்சு என்று அர்த்தம். மக்ரூனின் உருவத்தைப் பார்க்கிறவனுக்கு அந்தப் பெருமூச்சின் ஞாபகம் வராமல் இராது. பெயரோ இத்தாலியில் தோன்றி, பிரான்சைக் கடந்து, ஆங்கிலத்தில் ‘மக்ரூன்’ ஆனது. 1825-இல் டச்சுக்காரர் கையிலிருந்து தூத்துக்குடியை முடிவாகப் பெற்றுக்கொண்ட ஆங்கிலேயரோடு வந்திருக்க வேண்டிய பெயர் அது. உருவம் ஒரு தேசத்துக்கும் நாமதேயம் மற்றொரு தேசத்துக்கும் சொந்தம். ஆயினும் ருசி தூத்துக்குடிக்கே சொந்தம் என்பது என் கட்சி.

காரணத்தைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் மக்ரூன் என்றால் வாதுமை. வாதுமை நம் கரையில் விளையாது. கடற்கரைச் சாலையோரங்களில் குடைவிரித்து நிற்கும் நாட்டுவாதுமைக்கும் அந்த வாதுமைக்கும் பெயரைத் தவிர வேறு பந்துத்துவம் இல்லை. பள்ளிப் பிராயத்தில் அதன் கொட்டையைக் கல்லால் உடைத்து, பருப்போடு விரலையும் நசுக்கிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே, வாதுமை இருக்க வேண்டிய ஸ்தானத்தில் முந்திரி வந்து உட்கார்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த முந்திரியும் நம்முடையதல்ல. பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து மேற்குக் கரையில் நட்ட மரம் அது. மலையாளத்தில் அதற்குப் பறங்கிமாவு என்று ஒரு பெயர் இன்றும் வழங்குவது இந்தப் பூர்வோத்தரத்தை மறைக்கவொட்டாமல் காட்டிக்கொடுக்கிறது. ஓர் அந்நியனின் பலகாரத்தை, இன்னோர் அந்நியப் பருப்பைக் கொண்டு, அதையும் அந்நியம் என்று எண்ணாமல் செய்துமுடித்த கைகள் இவ்வூர்க் கைகள்.

இந்த இனிப்புக்கு வெகு தூரத்தில் ஓர் உறவு இருப்பதை நான் புத்தகங்களின் மூலமே அறிந்தேன். கிரேக்க நாட்டுத் தீவுகளான ஆண்ட்ரோஸ், இத்ரா போன்றவற்றில், அரைத்த வாதுமையையும் சர்க்கரையையும் பெரும்பாலும் வெள்ளைக்கருவோடு சேர்த்துப் பிசைந்து, பன்னீரோ நாரத்தைப் பூநீரோ தெளித்து, ‘அமிக்தலோட்டா’ என்று ஒரு பண்டம் செய்கிறார்கள். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அது இல்லாமல் ஆகாது. சிலர் அதைப் பேரிக்காய் வடிவில் உருட்டி, காம்புக்குப் பதிலாக ஒரு கிராம்பைச் செருகி வைப்பதும் உண்டு. பாறையும் உப்புக்காற்றும் மாலுமிகளுமே செல்வமாக உள்ள தீவுகள் அவை. கிரேக்கருக்கும் நமக்கும் பரிச்சயம் புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க பாஷையில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் வழிநூல், பாண்டியனின் கொற்கையைக் ‘கொல்கொய்’ என்று குறிப்பிட்டு, தண்டனை பெற்ற குற்றவாளிகளைக்கொண்டு அங்கே முத்துக் குளிக்கப்பட்டதையும் சொல்கிறது. அந்த ஆசிரியன் மிளகுக்கும் முத்துக்கும் கணக்கெழுதியவன். கொற்கையில் தனக்கு என்ன பரிமாறினார்கள் என்பதையும் ஒரு வரி எழுதியிருந்தால் நாம் அவனை இன்னும் அதிகமாக நேசித்திருப்போம்.

முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. முத்தின் பெயரைத் தாங்கிய ரயில் மட்டும் ஓடுகிறது. அதில் மக்ரூன் போகிறது.

அது உண்டாகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ஒரு பிற்பகலில், பழைய பேக்கரி ஒன்றின் பின்கட்டுக்குள் நுழைந்தேன். முட்டையை உடைத்து, மஞ்சளை ஓட்டுக்குள் நிறுத்தி, வெள்ளையை மட்டும் நழுவவிடும் வேலையில் ஒரு பையன் இருந்தான். மஞ்சளில் ஒரு பொட்டு விழுந்தாலும் நுரை எழும்பாது என்பதால், ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு கிண்ணத்தில் உடைத்துச் சோதித்த பிறகே பெரிய பாத்திரத்தில் சேர்த்தான். முன்னாளில் இந்த வெள்ளையைக் கையாலேயே அடித்தார்களாம். இப்போது யந்திரம் சுழல்கிறது. சர்க்கரையைச் சிறிது சிறிதாகத் தூவத் தூவ, கண்ணாடிபோல் இருந்த திரவம் பாலாகி, பஞ்சாகி, கடைசியில் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத கட்டிப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. முந்திரித்தூளை எப்போது சேர்ப்பது என்பதில்தான் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. பருப்பில் உள்ள எண்ணெய் நுரைக்குச் சத்துரு. முந்திச் சேர்த்தாலும் அதிகம் கிளறினாலும் அத்தனையும் அமுங்கிப்போகும். ஆகையால் யந்திரத்தை நிறுத்திவிட்டு, கையையே அகப்பையாக்கி, அடியிலிருந்து மேலாக நாலைந்து முறை மடித்துவிட்டு, உடனே கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் நிரப்பி, தாள் விரித்த தட்டுகளில் வரிசைவரிசையாகப் பிழிந்து வைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது கையைச் சட்டென்று மேலே இழுக்கும் அந்த ஒரு வெட்டில்தான் உச்சிச் சுழி பிறக்கிறது.

அடுப்பு விறகடுப்பு. ரொட்டிக்கு வேண்டிய சூடு இதற்கு ஆகாது. சூடு தணிந்த பிறகே தட்டுகளை உள்ளே தள்ளி, விடியுமட்டும் விட்டுவிடுகிறார்கள். மக்ரூன் வேகிறது என்பதைவிட உலர்கிறது என்பதே சரி. இந்த அடுப்பை யாழ்ப்பாணத்தார் ‘போறணை’ என்பார்கள்; அதுவும் போர்ச்சுக்கீசியச் சொல்லே. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வழியாகப் போக்குவரத்துத் திரும்பும்வரை, இலங்கைக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, கொழும்புக் கப்பலில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. வணிகரும் கூலியாட்களும் போய்வந்த அந்தப் பாதையில் தின்பண்டங்களும் போய்வந்திருக்கின்றன.

அதற்குச் சாட்சியம் வேண்டுமானால் தெற்கே சிறிது தூரம் போனால் போதும். காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களின் விருந்தில் வட்டிலப்பம் உண்டு. தேங்காய்ப்பாலும் முட்டையும் இனிப்பும் ஏலமும் சேர்த்து ஆவியில் அவித்த அந்தப் பண்டம் இலங்கையிலும் பெருநாள் பண்டம். காயல்பட்டினத்தில் குழம்பை ஆணம் என்பார்கள். சஹன் என்னும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து பலர் கைநனைப்பார்கள். இன்னும் உள்ளே போனால், 1799-இல் இச்சீமைக் கிறிஸ்தவர்களின் முதல் குடியேற்றமாக அமைந்து, அதனாலேயே முதலூர் என்று பெயர் பெற்ற ஊரில், மஸ்கோத் அல்வா. இருட்டுக்கடை அல்வாவை நெய்யில் நீந்தவிடும் நெல்லைக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு, நெய்யைத் தொடாமல், தேங்காய்ப்பால் காய்ந்து கக்கும் எண்ணெயிலேயே மாவுப்பாலை வேகவைத்து இறக்குகிற அந்த நெஞ்சுரத்தை நான் வியக்கிறேன். நெய்க்கு ஆள்பிடிக்கப் போகாமல், தென்னையைக் கூப்பிட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள்.

போர்ச்சுக்கல் நாட்டுக் கன்னிமாடங்களில், அங்கிகளுக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சளைக்கொண்டே அத்தனை இனிப்புகளையும் ஆக்கினார்கள் என்று படித்திருக்கிறேன். இங்கே கணக்கு தலைகீழ். வெள்ளை மக்ரூனுக்குப் போய்விடுகிறது. மஞ்சளை என்ன செய்வீர்கள் என்று பேக்கரிப் பெரியவரைக் கேட்டேன். “கேக்குக்குப் போகும், அண்ணாச்சி; மிச்சத்தை ஓட்டல்காரங்க வாங்கிட்டுப் போவாங்க” என்றார். தொடர்ந்து, மூடியைச் சரியாக இறுக்காமல் ஒரு மழைக்காலத்தில் நான் சென்னைக்கு எடுத்துச்சென்ற அரைக் கிலோவும் நமத்துப்போய் ஒரே பிசினாக ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னபோது, கடலோரத்துக் காற்றிலேயே அது கெடாமல் இருக்கிறது, நீங்கள் எப்படிக் கெடுத்தீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

விடைபெறுமுன், வாதுமையைப் போட்டு எப்போதாவது செய்து பார்த்ததுண்டா என்றேன்.

“ஒருக்கச் செஞ்சோம். வெளிநாட்டுல இருந்து வந்த ஒருத்தர், பாதாமையும் அவரே வாங்கிக் குடுத்து, அதுதான் ஒரிஜினல், அதுலயே போடுங்கன்னாரு. போட்டுக் குடுத்தோம்.”

“எப்படி இருந்தது?”

“நல்லாத்தான் இருந்துது. ரெண்டு நாள் கழிச்சு அவரே வந்து, ‘அண்ணாச்சி, அது என்னமோ மக்ரூன் மாதிரியே இல்லை’ன்னு சொல்லிட்டு, அரைக் கிலோ அண்டிப்பருப்புல போட்டதை வாங்கிட்டுப் போனாரு.”