அந்த வலது கையைப் பாருங்கள்!

எழுந்து போய்விடாதீர்கள். 1930-இல் வெளிவந்த ‘கிங் ஆஃப் ஜாஸ்’ ஓட ஆரம்பித்துவிட்டது. வால்டர் லான்ட்ஸின் கார்ட்டூன் இப்போதுதான் முடிந்தது. டெக்னிகலரில் வந்த முதல் கார்ட்டூன் அது. இதோ, பருத்த உடம்பும் மெல்லிய மீசையுமாகப் பேண்ட் தலைவர் பால் ஒயிட்மேன் வந்துவிட்டார், கையில் ஒரு சின்னப் பெட்டியோடு. அதைத் திறந்ததும் உள்ளேயிருந்து அவருடைய வாத்தியக்காரர்கள் பொம்மை அளவில் ஒவ்வொருவராக இறங்கி வந்து, மேஜைமேல் இருக்கும் குட்டி மேடையில் ஏறி உட்காருகிறார்கள்! கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்துக் கேமரா வித்தை. இதற்கே வாயைப் பிளக்கலாம். ஆனால் நான் உங்களைக் கூட்டி வந்தது இதற்காக இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள். “நம்ம பையன்களைப் பாருங்கள்” என்கிற மாதிரி, பேண்டில் இருப்பவர்களை ஆள் ஆளாகக் காட்டும் பகுதி அடுத்து வருகிறது.

வந்துவிட்டது! முப்பது பேர் இருந்த பேண்ட் காணாமல் போய், சட்டத்துக்குள் இரண்டே பேர். வயலினோடு இருப்பவர் ஜோ வெனூட்டி. கிதாரோடு இருப்பவர் எடி லாங். வாசிப்பது ‘வைல்ட் கேட்’. இருவரும் 1927-லேயே இசைத்தட்டாகக் கொடுத்திருந்த உருப்படிதான். வெனூட்டியின் வில் பெயருக்கேற்பக் காட்டுப் பூனையாகப் பாய்கிறது, சுழல்கிறது, எங்கிருந்தோ குதித்து வருகிறது. நம் கண்ணும் தன்னால் அவர் பக்கமே போகும். முதல் தடவை போகட்டும். இரண்டாம் தடவை வயலினை விட்டுவிட்டுக் கிதார்க்காரரின் வலது கையை மட்டும் பாருங்கள். பூனை எவ்வளவு வேகமாகக் குதித்தாலும் விழுந்து இறங்கத் தரை வேண்டுமே, அந்தத் தரையைப் போட்டுக்கொண்டே வருகிற கை அது. ஒரு நிமிஷச் சமாச்சாரம்தான். எத்தனை தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

ஏன் இத்தனை குதூகலம் என்று கேட்பீர்கள். ஜாஸ் கிதாரின் வரலாற்றில் அசையும் படம் என்பது அவ்வளவு அரிது. 1939-இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்து, எலக்ட்ரிக் கிதாரைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட சார்லி கிறிஸ்டியனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1942-இல் இறந்தார். கைவசம் புகைப்படங்கள் இருக்கின்றன, ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அவர் வாசிப்பதைக் காட்டும் ஒரு முழம் ஃபிலிம்கூட இன்றுவரை தட்டுப்படவில்லை. அவருக்குப் பத்து வருஷம் முந்தைய லாங்கோ, பெரிய பேண்டின் நடுவிலிருந்து எழுந்து வந்து, அதுவும் கலரில், நமக்காக வாசித்துக் காட்டுகிறார்!

இதே பகுதியில் இன்னொருவரும் வருகிறார். பேண்டின் பான்ஜோக்காரர் மைக் பிங்கிட்டோர். ‘லிங்கர் அவைல்’ என்ற அவருடைய புகழ்பெற்ற உருப்படியைப் பளபளவென்று வாசித்துவிட்டுப் போகிறார். தயவுசெய்து இதையும் தாண்டிப் போகாதீர்கள். ஒரே பேண்ட், ஒரே படம், ஒரே பகுதி. அதில் பான்ஜோவும் இருக்கிறது, கிதாரும் இருக்கிறது. ஒரு வாத்தியம் விடைபெறுவதையும் மற்றொன்று உள்ளே வந்து உட்காருவதையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

1920-களின் தொடக்கத்தில் பேண்ட் என்றால் பான்ஜோதான். அன்றைக்கு ஒலிப்பதிவுக்கு மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய கொம்புக் குழாய்க்கு முன்னால் எல்லோரும் கூடி நின்று வாசிப்பார்கள். அந்தக் குழாய்க்குள் போய்ச் சேர்வதற்குக் கணீரென்ற சத்தம் வேண்டும். பான்ஜோவிடம் அது இருந்தது, கிதாரிடம் இல்லை. 1925-இல் மைக் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்ய ஆரம்பித்த பிறகுதான் கிதாருக்கு மூச்சு வந்தது. கிப்ஸன் கம்பெனி 1922-இலேயே எல்-5 என்ற மாதிரியைக் கொண்டுவந்திருந்தது. வயிற்றில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக, வயலினில் இருப்பது போல இரண்டு பக்கமும் வளைந்த கீறல்கள். பேண்டுக்கு நடுவிலும் காதில் விழ வேண்டும் என்றே செய்த கிதார். லாங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாத்தியம் இதுதான். அவரும் பான்ஜோ வாசித்துப் பிழைத்தவரே. ஆனால் மைக்குக்கு முன்னால் கிதார் என்னவெல்லாம் பேசும் என்பதை முதலில் புரிந்துகொண்ட ஆட்களில் ஒருவர் அவர். ஒரே ஸ்வரக்கட்டைப் பிடித்துக்கொண்டு டக், டக் என்று தட்டுவதோடு நிற்கமாட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் விரல்கள் புதிய இடத்துக்கு நகரும். நடுவில் அடித்தந்தியில் ஒரு சின்ன நடை இறங்கி வரும். பாடகருக்கு மூச்சு வாங்க இடைவெளி விழுந்தால், ஒற்றைத் தந்தியில் ஒரு வரி பதிலாக வரும். பக்கவாத்தியத்தின் இலக்கணத்தையே அவர் எழுதினார் என்பேன், கொஞ்சமும் மிகை இல்லாமல்.

படத்தில் இருவரும் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து வாசிக்கிறார்களே, அதற்கு வேர் பிலடெல்பியாவில் இருக்கிறது. இருவரும் இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள். சின்ன வயசிலிருந்தே கூட்டாளிகள். லாங்கின் இயற்பெயர் சால்வடோர் மஸ்ஸாரோ, பிறந்தது 1902. அப்பா தந்தி வாத்தியங்கள் செய்கிறவர். எடி லாங் என்பது அவருக்குப் பிடித்த ஒரு கூடைப்பந்து வீரரின் பெயர். அதையே தனக்கு வைத்துக்கொண்டார். லாங் முதலில் கற்றதே வயலின்தான். அதனால்தான் வெனூட்டியின் வில் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் படத்தைப் பார்க்கும்போது வேறு எப்படியும் நினைக்கத் தோன்றவில்லை.

இனி திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம், அங்கேதான் முழு அமர்க்களமும். 1929 மே மாதத்தில் நியூயார்க்கிலிருந்து ஒரு தனி ரயில் புறப்பட்டது. ஒயிட்மேனின் வானொலி நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த ஓல்ட் கோல்ட் சிகரெட் கம்பெனியின் பெயர்தான் ரயிலுக்கும். வழியில் ஊர் ஊராக நின்று கச்சேரி. ஒருவழியாகக் கலிபோர்னியாவில் யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குப் போய் இறங்கினால், படத்துக்குக் கதையே தயாராகவில்லை! பையன்களுக்கென்று ஸ்டூடியோவில் தனி விடுதி கட்டியிருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை வானொலி நிகழ்ச்சி. மற்ற நாளெல்லாம் வெயிலும் ஊர் சுற்றலும். ஆளுக்கொரு கார் வேறு வாங்கியாயிற்று. அந்தக் கார்களில் ஒன்றுதான் துக்கத்தையும் கொண்டுவந்தது. ஆகஸ்டில் நடந்த விபத்தில் சக வாத்தியக்காரர் மேரியோ பெர்ரி இறந்துபோனார். வெனூட்டியின் கையிலும் பலத்த அடி. ‘வைல்ட் கேட்’டில் வில்லைச் சுழற்றுகிறாரே, அது அந்த விபத்துக்குப் பிறகு மீண்டு வந்த மனிதர். இது தெரிந்தபின் அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

கோடை முழுவதும் காத்திருந்துவிட்டு எல்லோரும் நியூயார்க் திரும்பினார்கள். ஜான் மர்ரே ஆண்டர்சன் இயக்குநராக வந்து, கதை என்பதையே விட்டுவிட்டுப் பாட்டும் ஆட்டமும் துணுக்குகளுமாகப் படத்தை மாற்றினார். படப்பிடிப்பு நவம்பரில் சூடு பிடித்தது. இடையில் ஓர் இழப்பு: கோடையில் ரயிலேறி வந்த கார்னெட் மேதை பிக்ஸ் பைடர்பெக், உடல்நலம் கெட்டுச் செப்டம்பரிலேயே பேண்டை விட்டுப் போய்விட்டார். 1927-இல் ‘சிங்கின் த ப்ளூஸ்’ இசைத்தட்டில் பிக்ஸுக்கு அடியில் லாங் நெய்த கிதார் இழைகளைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று புரியும். இரண்டு மாதம்! கதை மட்டும் சமயத்துக்குத் தயாராகியிருந்தால் அந்த இருவரையும் ஒரே சட்டத்தில் பார்த்திருப்போம். பாடகர் பிங் கிராஸ்பி இருக்கிறார், அவருடைய முதல் முழுநீளப் படமே இதுதான். தனியாகப் பாட வேண்டிய ஒரு பெரிய பாட்டை அவர் கோட்டைவிட்டார். குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் சிறைக்குப் போனதால் அது ஜான் போல்ஸுக்குக் கை மாறியது.

ஒலியில் ஒரு ரகசியம் இருக்கிறது. பேசும்படம் வந்து சில வருஷமே ஆகியிருந்த காலம். கேமரா ஓடும்போதே பாட்டையும் பதிவு செய்வதுதான் வழக்கம். ஒயிட்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. படப்பிடிப்புத் தளத்தின் இரைச்சலில் என் பேண்டைப் பதிய விடமாட்டேன், முதலில் இசையைத் தனியாகப் பதிவோம், பிறகு அதை ஓடவிட்டு நடிப்போம் என்று அடம்பிடித்தார். ஸ்டூடியோ தயங்கியது, கடைசியில் அவர்தான் ஜெயித்தார். படத்தின் பெரும்பாலான இசை அப்படித்தான் வந்தது. அப்படியென்றால் ஒரு வாத்தியக்காரர் கேமராமுன் என்ன செய்ய வேண்டும்? தான் ஏற்கெனவே வாசித்ததைத் தானே கேட்டு, தன் விரலுக்குத் தானே ஒத்துப்போக வேண்டும். ‘வைல்ட் கேட்’ போன்ற ஓட்டத்தில் இது எத்தனை பெரிய சவால்! லாங்குக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பேண்டின் மொத்த உருப்படிகளுக்கும் ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தார் என்று கூட வாசித்தவர்கள் சொல்வார்கள். அவர் இருந்த நாட்களில் தாளத்தைப் பற்றிய கவலையே எனக்குக் குறைவு என்று ஒயிட்மேனும் பின்னாளில் நெகிழ்ந்திருக்கிறார்.

கலரின் ரகசியம் இதைவிடச் சுவை. அன்றைய டெக்னிகலருக்கு இரண்டு நிறம்தான் தெரியும், சிவப்பும் பச்சையும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு முப்பட்டகக் கண்ணாடி இரண்டாகப் பிரிக்கும். ஒரே ஃபிலிம் சுருளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களாகச் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று பதிவாகும். அதனால் ஃபிலிம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். யோசித்துப் பாருங்கள், லாங்கின் கை மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு கணமும் நெகட்டிவில் இரட்டைப் பிள்ளையாக இருக்கிறது! நீலம் மட்டும் வரவே வராது. படத்தின் உச்சக் காட்சியோ கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’. பெயரிலேயே நீலம்! கலை இயக்குநர் ஹெர்மன் ராஸ் விடவில்லை. எந்தச் சாயம் எப்படி விழுகிறது என்று சோதித்துச் சோதித்து, மயில்கழுத்துப் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு நிறத்தைக் கொண்டுவந்து நம் கண்ணை நீலம் என்று நம்ப வைத்துவிட்டார். அவருக்கு ஆஸ்கர் கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. படத்தின் முடிவில் பல நாட்டு இசைகளும் ஒரு பெரிய கொப்பரையில் கொதித்து ஜாஸாக வெளிவருவது போல் ஒரு காட்சி. அதில் ஐரோப்பா முழுக்க வருகிறது. ஜாஸைப் பெற்றெடுத்த கறுப்பின மக்கள் வரவில்லை. இந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. லாங்கின் கை அப்படி வேலி போட்டு வாசிக்கவில்லை என்பதே ஆறுதல். 1928, 29-இல் கறுப்பின கிதார் மேதை லானி ஜான்சனோடு இரண்டு கிதார்களுக்கான உருப்படிகளை அவர் பதிவு செய்தார். வெள்ளைக்காரரும் கறுப்பரும் சேர்ந்து வாசித்ததை இசைத்தட்டின் லேபிளில் போட முடியாத காலம். அதனால் லாங்கின் பெயர் ‘பிளைண்ட் வில்லி டன்’ என்று மாறியது. பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்கும் அவர் கிதார் வாசித்திருக்கிறார். கேமரா காட்டாததை இசைத்தட்டு வைத்திருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் அந்தக் கை முழுதாகத் தெரியும்.

லாங்கைப் பார்க்க இன்னொரு படமும் உண்டு. 1932-இல் வந்த ‘த பிக் பிராட்காஸ்ட்’. கிராஸ்பி ‘ப்ளீஸ்’ பாட, லாங் பக்கத்தில் கிதார். அடுத்த ஆண்டு மார்ச்சில், தொண்டைச் சதை அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் இறந்துபோனார். வயது 30. அதே 1933-இல்தான் ‘கிங் ஆஃப் ஜாஸ்’ படத்தை வெட்டிச் சுருக்கி மறுபடி வெளியிட்டார்கள். சிதறிப்போன துண்டுகளை நெகட்டிவிலிருந்தும் பழைய பிரிண்டுகளிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்து யுனிவர்சல் சீரமைத்தது 2016-இல்.

அந்தச் சீரமைத்த பிரதியில் ‘ராப்சடி’ வரும்போது ராட்சதப் பியானோ ஒன்று மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும். மூடி திறக்கும். உள்ளே முழு பேண்டும் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் பியானோவைப் பார்த்து மலைத்துப்போகும் அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வரிசை வரிசையாகக் கிதாரைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.