விலைக்கு வந்த வீடு

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்’ என்றார்கள் நம் பெரியோர். இவ்விரண்டையும் செய்து முடித்தவர்களுக்கும் மூன்றாவதாக ஒரு சோதனை காத்திருக்கிறது. அதுதான் கட்டிய வீட்டை விற்றுப் பார்ப்பது! பிள்ளைகள் பட்டணத்தில் உத்தியோகமாய் அமர்ந்துவிட, பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டைப் பராமரிக்க வழியின்றி விலை பேசும் குடும்பங்கள் தஞ்சைப் பக்கத்தில் எத்தனையோ உண்டு. வாங்க வருகிறவர் கூடத்தையும் முற்றத்தையும் காண்பதற்கு முன்னால் வாசலைக் காண்கிறார். தெருவில் நின்றபடியே அவர் மனத்தில் பாதி விலை தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே, விற்குமுன் வீட்டின் முகத்தைத் திருத்துவது நியாயமே. எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் விவேகம் வேண்டும்.

முதலில் அதிகச் செலவில்லாத காரியங்களைக் கவனிப்போம். வாசலில் மண்டிய புல்லைக் களைந்து, அடைபட்ட சாக்கடையைத் திறந்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவரில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, பிளவைச் சுண்ணாம்புச் சாந்தினால் அடைப்பதே முறை. அடுத்தது கூரை. சரிந்த ஓடு ஒன்று தெருவிலிருந்தே கண்ணில் படும். அதன் வழியாக இறங்கிய மழைநீர்தான் பெரும்பாலும் சுவரில் கறையாய் நிற்கிறது. ஓட்டை மாற்றாமல் கறைக்கு மேல் வெள்ளையடித்தால் அடுத்த மழையில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இனி வெள்ளையடிப்பதைப் பற்றிச் சொல்வோம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் உலர்ந்தபின், பொங்கலை ஒட்டிச் செய்வது நம் நாட்டு வழக்கம், காரணமுள்ள வழக்கம். சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ நீற்றி, ஒரு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டிக் கொள்ள வேண்டும். சுவரில் ஒட்டுவதற்காகச் சிறிது அரிசிக் கஞ்சியோ பிசினோ சேர்ப்பார்கள். பளிச்சென்று தோன்றச் சிறிது நீலமும் உண்டு. பாசியையும் பொருக்கையும் தேய்த்து நீக்கி, சுவரை நனைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகே அடுத்தது.

‘இதெல்லாம் பழைய காலத்து வேலை, சிமெண்டு பூசி எனாமல் பெயிண்டு அடித்தால் நாலு காசு கூடக் கிடைக்குமே’ என்று சிலர் எண்ணலாம். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பழஞ்சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும் இயல்புடையது. சிமெண்டும் எனாமலும் அந்த வழியை மூடிவிடுகின்றன. உள்ளே தங்கிய ஈரம் உப்பைப் பூக்கச் செய்து, பூச்சைக் கொப்புளமாய்த் தள்ளிவிடும். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. அன்றியும், 1934-ல் காந்தியடிகள் முயற்சியால் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய தஞ்சாவூர்க்காரர் குமரப்பா எதை வற்புறுத்தினார்? நாம் செலவிடும் காசு அருகிலுள்ள உழைப்பாளியைச் சேரவேண்டும் என்பதையன்றோ! சுண்ணாம்புக் காளவாய்கள் அருகிவிட்ட இந்நாளில் அச்சொல்லுக்கு மதிப்புக் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

திண்ணையை இடித்து முகப்பைப் புதுமையாக்குவோரும் உளர். வழிப்போக்கருக்கு நிழல் தந்து, தாழ்வாரத்தோடு சேர்ந்து சுவரை வெயிலிலும் மழையிலும் காத்தது அத்திண்ணைதான். வேறு சிலர் மரத்தூணையும் நிலைக்கதவையும் தனியே பெயர்த்து விற்றுவிடுகிறார்கள். இப்படி வந்த தூண்களுக்கும் கதவுகளுக்கும் காரைக்குடியில் கடைகளே உண்டு. தூண் போன வீடு பல் போன வாய்க்குச் சமானம். அதை யார் நல்ல விலைக்குக் கேட்பார்கள்? கதவைத் துடைத்து எண்ணெய் பூசி, பித்தளைக் குமிழைப் புளியிட்டுத் துலக்கினாலே போதும்.

கடைசியாக ஒன்று. அழுக்கைப் போக்குவது வேறு, குறையை மறைப்பது வேறு. அஸ்திவாரம் இறங்கிச் சுவர் வெடித்திருந்தால், அதைச் சாந்தால் மூடிவிட்டு வாய் திறவாமல் இருப்பது தகாது. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாததுமான முக்கியக் குறையை வெளியிட வேண்டுமென்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு விதிக்கிறது. வெளியிடாமல் விடுவதை மோசடி என்றே சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும். பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகும் அத்தெருவார் அதை ‘இன்னார் வீடு’ என்று நம் பாட்டனார் பெயரால்தான் வெகுகாலம் அழைப்பார்கள். அடுத்த மழைக்கு அச்சுவர் ஒழுகினால், வாங்கியவர் வீட்டுப் பெண்கள் அப்பெயரைச் சொல்லித்தானே வருந்துவார்கள்? வெடிப்பைக் காட்டி ஆயிரம் குறைத்து வாங்கிக் கொள்வது நஷ்டமன்று என்பதே நம் துணிபு.